வன்னியில் இருந்தே சீனம்: முதல் முந்நூறு சொற்களைச் சேர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

சீன மொழி படிக்க ஆசைப்படுகிறவர்கள் நம் பக்கத்தில் பல காரணங்களோடு வருகிறார்கள். ஒருவருக்கு சீனப் பல்கலைக்கழகம் ஒன்றில் புலமைப்பரிசில் எடுக்கவேண்டும். இன்னொருவர் பூநகரிக் கரையில் கடலட்டை வளர்க்கிறார், காயவைத்த அட்டை கடைசியில் போய்ச்சேருவது சீனச் சந்தைக்குத்தான் என்பதால் வாங்குகிறவரோடு நேரே கதைக்க விரும்புகிறார். ஏ.எல். முடித்துவிட்டு கம்பஸ் திறக்கும்வரை சும்மா இருக்க விருப்பமில்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். காரணம் எதுவாக இருந்தாலும் எல்லோரும் முட்டி நிற்கிற இடம் ஒன்றுதான்: சொல் மனதில் நிற்பதில்லை. ஆங்கிலச் சொல்லைப் பாடமாக்குகிற அதே முறையில் சீனச் சொல்லையும் பாடமாக்கப் பார்க்கிறோம், இரண்டு கிழமையில் எல்லாம் ஒன்றுபோலக் கேட்கத் தொடங்குகிறது, கொப்பி மூடப்படுகிறது.

இதற்குப் பெரிய காரணம், நாம் சீனத்தை ஆங்கிலத்தின் முதுகில் ஏறிப் படிப்பதுதான் என்பது என் உறுதியான எண்ணம். செயலிகள் ஆங்கிலத்தில், விளக்கங்கள் ஆங்கிலத்தில், அதனால் ஆங்கிலேயருக்குக் கடினமானதெல்லாம் நமக்கும் கடினம் என்று நம்பிவிடுகிறோம். உண்மையில் அவர்களுக்கு இல்லாத பல வசதிகள் தமிழ் பேசுகிற நமக்கு உண்டு. பக்கத்தில் வகுப்பு இல்லாதவர்கள், ஒரு போனும் ஒரு கொப்பியும் மட்டும் உள்ளவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எழுதும் முறை பற்றி ஒரு வார்த்தை

சீனம் என்று இங்கே நான் சொல்வது மாண்டரின், அதாவது சீன அரசு புதொங்ஹுவா என்று அழைக்கும் பொதுமொழி. ஒவ்வொரு அசைக்கும் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று ஓர் இலக்கம் போட்டிருக்கிறேன். அது தொனி, அந்த அசையை எந்த ஏற்ற இறக்கத்தோடு சொல்லவேண்டும் என்பதன் அடையாளம். இலக்கம் இல்லாத அசையை மெதுவாக, சுருக்கமாகச் சொன்னால் போதும். எழுத்துக்குப் பின்னால் ஹ வந்தால் காற்றை ஊதிச் சொல்லுங்கள். ‘ஷு’, ‘ஸு’, ‘ச்ஹு’ என்று அசை முடிகிற இடங்களில் உதட்டைக் குவிக்காதீர்கள், ‘காசு’ என்பதன் கடைசிச் சு எப்படி வாய் விரியாமல் குவியாமல் முடிகிறதோ அப்படி. இது படியேறப் பிடிக்கிற கைப்பிடி மாத்திரமே. உண்மையான உச்சரிப்பைக் காதால் கேட்டுத்தான் எடுக்கவேண்டும்.

படி 1: முதல் கிழமை ஒலிக்கு மட்டும்

பின்யின் என்பது சீன ஒலிகளை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை, 1958இல் சீனா அதை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. எல்லா அகராதியும் எல்லாச் செயலியும் அதில்தான் ஓடுகிறது, எனவே அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் எழுத்து ஆங்கிலம் என்பதற்காக ஒலியும் ஆங்கிலம் என்று எண்ணக்கூடாது. தமிழர் பலர் சறுக்குவது இங்கேதான். பின்யினில் ‘பஸ்’ என்பதன் முதல் எழுத்தைப் பார்த்ததும் பஸ் என்று சொல்வதுபோலத் தொண்டையை அதிரவைத்துச் சொல்கிறோம். அப்படி வேண்டாம். அது ‘பால்’ என்பதில் வருகிற நம் சாதாரண ப. அதுபோல ‘டொக்டர்’ என்பதன் முதல் ஆங்கில எழுத்து பின்யினில் ‘தம்பி’யில் வருகிற த, ‘கேர்ள்’ என்பதன் முதல் எழுத்து ‘காசு’வில் வருகிற க. சொல்லின் முதலில் நிற்கிற நம் வல்லினம் மூன்றும் சீனத்தில் அப்படியே இருக்கின்றன.

நம்மிடம் இல்லாதது காற்று ஊதுகிற வல்லினம். ஒரு மெல்லிய தாள் துண்டை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். ‘பாவ்3-ல’ என்று சொல்லும்போது தாள் அசையக்கூடாது, ‘ப்ஹாவ்3-ல’ என்னும்போது தாள் படபடவென்று ஆடவேண்டும். முதலாவது ‘வயிறு நிறைஞ்சுது’, இரண்டாவது ‘ஓடிப்போயிட்டுது’. ‘தூ4-த்ஸு’ என்றால் வயிறு, ‘த்ஹூ4-த்ஸு’ என்றால் முயல். வயிறு நோகுது என்று வைத்தியரிடம் சொல்லப்போய் முயல் நோகுது என்று சொல்லாமல் இருக்க இந்தத் தாள் பயிற்சி ஒன்றே போதும். ஒரு கிழமை, தினம் பத்து நிமிடம் செய்யுங்கள்.

அடுத்தது ழ. நாம் பேச்சில் ழவை ளவாகச் சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் தேவாரம் படிக்கும்போதோ மேடையில் பேசும்போதோ சுத்தமான ழ வரும்தானே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். சீனத்தில் மனிதனுக்கு ‘ழென்2’, இரண்டுக்கு ‘அழ்4’, சூடுக்கு ‘ழெ4’. வேறு மொழிக்காரர் மாதக்கணக்கில் தடுமாறுகிற ஒலி இது, நமக்கு ஏறத்தாழக் கைவசமே இருக்கிறது. ங் என்பதையும் நாம் அறிவோம், ஆனால் நம் ங்குப் பின்னால் எப்போதும் ஒரு க ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் கவை வெட்டிவிட்டு ங்கோடு நிறுத்தப் பழகவேண்டும்: ‘ஜொங்1’, ‘ஷிங்4’. புதிதாகக் கற்கவேண்டிய உயிர் ஒன்று உண்டு, இ என்று சொல்லிக்கொண்டே நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் ஊ போலக் குவியுங்கள், வருகிற ஒலிதான் அது. மீனுக்கான ‘யூ2’விலும் ‘போ’ என்பதற்கான ‘ச்ஹ்யூ4’விலும் அதுதான் வரும்.

தொனிக்கு வருவோம். 1 என்றால் குரலை உயரத்தில் வைத்து அசையாமல் பிடிப்பது, வைத்தியர் வாயைத் திறக்கச் சொல்லும்போது நீட்டுகிற ‘ஆ’ போல. 2 என்றால் கீழிருந்து மேலே, நம்பமுடியாமல் ‘ஆ?’ என்று கேட்கிறோமே அது. 3 குரலைத் தாழ்த்தித் தொண்டைக்குள் வைப்பது, தனியாகச் சொன்னால் கடைசியில் கொஞ்சம் எழும். 4 மேலிருந்து கீழே வெட்டுவது, கோழியை விரட்டும்போது ‘போ!’ என்கிறோமே அது. ‘மை3’ என்றால் வாங்கு, ‘மை4’ என்றால் வில். வியாபாரத்துக்காகப் படிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை இல்லை. ‘ஷுவெய்3’ தண்ணீர், ‘ஷுவெய்4’ நித்திரை கொள்ளுதல். தொனியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தொனி இல்லாமல் மனதில் ஏறிய சொல்லைப் பிறகு திருத்துவது புதிதாகப் படிப்பதைவிட இரண்டு மடங்கு வேலை.

இரண்டு சின்ன விதி மட்டும் இப்போதே. இரண்டு 3 சேர்ந்து வந்தால் முதலாவது 2 ஆகிவிடும், அதனால்தான் ‘நி3 ஹாவ்3’ என்று எழுதி ‘நி2 ஹாவ்3’ என்று சொல்கிறார்கள். ‘இல்லை, அல்ல’ என்கிற ‘பூ4’க்குப் பின்னால் இன்னொரு 4 வந்தால் அது ‘பூ2’ ஆகும். மற்ற விதிகள் காதில் தானாக ஏறும்.

படி 2: எந்தச் சொற்கள் முதலில்

எச்.எஸ்.கே. என்பது சீன அரசின் மொழித் தேர்வு. 2010இல் வந்த ஆறு நிலை முறையில் முதல் நிலைக்கு 150 சொல், இரண்டாம் நிலைக்கு 300, மூன்றாம் நிலைக்கு 600 என்று பட்டியல் இருந்தது. 2021இல் ஒன்பது நிலைகளாக்கிப் புதிய தரம் வெளியிட்டார்கள், அதில் முதல் நிலைக்கே 500 சொல் இருந்தது. புலமைப்பரிசிலுக்குப் போகிறவர்கள் இந்தப் பட்டியலைக் கையில் வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் பட்டியலை மேலிருந்து கீழே பாடமாக்காதீர்கள். அதில் அகரவரிசை இருக்கும், உங்கள் வாழ்க்கை இருக்காது.

முதலில் எதைக் கதைத்தாலும் தேவைப்படுகிற சொற்கள். ‘வொ3’ நான், ‘நி3’ நீ, ‘நின்2’ நீங்கள், ‘த்ஹா1’ அவன், அவள். சீனத்தில் நீர் என்று நடுவில் ஒன்று இல்லை, நீயும் நீங்களும்தான். பெரியவர்களுக்கு ‘நின்2’ என்று சொல்லிப் பழகுங்கள். அடுத்தது ‘ஜெ4’ இது, ‘நா4’ அது, ‘நா3’ எது. பாருங்கள், அதுவுக்கும் எதுவுக்கும் தொனி மட்டும்தான் வித்தியாசம். ‘ஷென்2-ம’ என்ன, ‘ஷெய்2’ யார், ‘த்ஸென்3-ம’ எப்படி, ‘துவொ1-ஷாவ்3’ எவ்வளவு. பிறகு ‘ஷு4’ ஆம் அல்லது ஆகும், ‘யொவ்3’ இருக்கு, ‘மெய்2-யொவ்3’ இல்லை, ‘யாவ்4’ வேணும், ‘பூ2-யாவ்4’ வேண்டாம். வினைகளில் ‘ச்ஹ்யூ4’ போ, ‘லை2’ வா, ‘ச்ஹு1’ சாப்பிடு, ‘ஹெ1’ குடி, ‘க்ஹான்4’ பார், ‘த்ஹிங்1’ கேள், ‘ஷுவொ1’ சொல், ‘த்ஸுவொ4’ செய். நேரத்துக்கு ‘ஜின்1-த்ஹியென்1’ இன்று, ‘மிங்2-த்ஹியென்1’ நாளை, ‘த்ஸுவொ2-த்ஹியென்1’ நேற்று. சீன வினைக்குக் காலமும் இல்லை, ஆண் பெண் பலர் என்ற விகுதியும் இல்லை. போனேன், போகிறேன், போவேன் எல்லாம் ஒரே ‘ச்ஹ்யூ4’தான், நேற்று நாளை என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் காலம் தெரிந்துவிடும். அதனால்தான் நேரச் சொற்களை இவ்வளவு முன்னால் வைக்கிறேன்.

இந்த இருபத்தேழு சொல்லுக்குப் பிறகு உங்கள் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் எழும்பியதிலிருந்து படுக்கும்வரை எதை எதைத் தொடுகிறீர்கள், யாரோடு கதைக்கிறீர்கள் என்று கொப்பியில் தமிழில் எழுதுங்கள். கிணறு, வாளி, தேத்தண்ணி, பாண், சைக்கிள், பஸ் நிலையம், வயல், மாடு, கடை, போன், கரண்ட். அவற்றுக்குரிய சீனச் சொல்லை அகராதியில் தேடி அதுதான் உங்கள் பட்டியல் என்று வையுங்கள். எச்.எஸ்.கே. பட்டியலோடு ஒப்பிட்டால் பாதிக்குப் பாதி அதிலேயே இருக்கும். இல்லாததைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தினமும் கண்ணில் படுகிற பொருளின் பெயர் மறக்காது.

படி 3: தமிழிலிருந்து நேரே சீனத்துக்கு

சொல்லை மீட்டிப் பார்க்க எழுதுகிற சின்னக் கார்டில் சீனச் சொல்லுக்கு எதிரே ஆங்கிலத்தை எழுதாதீர்கள், தமிழை எழுதுங்கள். இதை நான் மொழிப்பற்றுக்காகச் சொல்லவில்லை, வேலை குறைகிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

சோற்றைப் பாருங்கள். ஆங்கிலத்தில் வயலில் நிற்பதற்கும் சாக்கில் இருப்பதற்கும் கோப்பையில் இருப்பதற்கும் ஒரே சொல்லைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். நமக்கு நெல், அரிசி, சோறு. சீனர்களுக்கும் ‘தாவ்4’, ‘மி3’, ‘ஃபான்4’. ஒன்றுக்கு ஒன்று நேர். காலபோகம் விதைத்து சிறுபோகத்துக்குத் தண்ணீர் வருமா என்று பார்த்திருக்கிற ஊரில் பிறந்தவருக்கு இந்த மூன்று சொல்லும் ஒரே நாளில் ஏறிவிடும். நாம் சோறு என்று சொல்லிச் சாப்பாட்டையே குறிப்பதுபோல அவர்களும் ‘ச்ஹு1 ஃபான்4’, அதாவது ‘சோறு தின்’, என்று சொல்லிச் சாப்பிடுவதையே குறிக்கிறார்கள். வழியில் கண்டவரிடம் ‘ச்ஹு1 ஃபான்4 ல ம’ என்று கேட்பது அங்கே சுகம் விசாரிக்கிற பழைய வழக்கம். சாப்பிட்டாச்சா என்று நாம் கேட்பதும் அதற்குத்தானே. கடைசியில் நிற்கிற ‘ம’ நம் ‘ஆ’ போலக் கேள்வியாக்குகிறது, வசனத்தைத் தலைகீழாகப் புரட்டத் தேவையில்லை.

உறவுமுறைக்கு வந்தால் இன்னும் வசதி. ‘கெ1-கெ’ அண்ணா, ‘தி4-தி’ தம்பி, ‘ஜியெ3-ஜியெ’ அக்கா, ‘மெய்4-மெய்’ தங்கச்சி. மூத்தது இளையது என்று பிரிக்காமல் சகோதரனைச் சொல்லவே அவர்களுக்கும் வராது. ‘பொ2-பொ’ பெரியப்பா, ‘ஷூ1-ஷூ’ சித்தப்பா, ‘ஜியொவ்4-ஜியொவ்’ அம்மாவின் சகோதரனான மாமா. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இரண்டு பக்கத்தையும் தாத்தா பாட்டி என்று பொதுவாகச் சொல்வார்கள், நம் வீடுகளில் அப்பப்பா, அப்பம்மா, அம்மப்பா, அம்மம்மா என்று நான்கும் தனித்தனி. சீனத்திலும் நான்கும் தனித்தனி: ‘யெ2-யெ’ அப்பப்பா, ‘நை3-நை’ அப்பம்மா, ‘வை4-கொங்1’ அம்மப்பா, ‘வை4-ப்ஹொ2’ அம்மம்மா. பொருந்தாத இடம் மாமி. நாம் அப்பாவின் சகோதரியையும் மாமாவின் மனைவியையும் மாமி என்கிறோம், அவர்கள் முன்னவரை ‘கூ1-கூ’ என்றும் பின்னவரை ‘ஜியொவ்4-மா1’ என்றும் பிரிக்கிறார்கள். வீட்டு ஆல்பத்தை எடுத்து ஒவ்வொரு படத்துக்கும் இந்தச் சொற்களைச் சொல்லிப்பாருங்கள், கார்டு எழுதவே தேவையில்லை.

நாம், நாங்கள் என்ற வேறுபாடு கூட அங்கே இருக்கிறது. கேட்கிறவரையும் சேர்த்துச் சொல்ல வடசீனத்தில் ‘த்ஸான்2-மென்’, பொதுவாக ‘வொ3-மென்’. தொடக்கத்துக்கு வொ3-மென் போதும்.

இரண்டு மொழியும் முன்பின் சந்திக்காதவை அல்ல. சீனக் கடற்படைத் தளபதி ஜெங் ஹெயின் பயணத்தோடு இலங்கைக்கு வந்த, 1409 என்று காலம் குறிக்கப்பட்ட கல்வெட்டில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள் ஒரே கல்லில் இருக்கின்றன. 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள், கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கொழும்புப் பக்கம் போகிறவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள், படிக்கிற ஆசை கூடும்.

படி 4: சொல்லைக் குடும்பமாகச் சேருங்கள்

எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்தது இதுதான். சீனத்தில் தொனியைச் சேர்க்காமல் பார்த்தால் ஏறத்தாழ 400 அசைதான் உண்டு. பெரும்பாலான சொற்கள் இரண்டு அசையால் ஆனவை, ஒவ்வொரு அசைக்கும் பொருள் உண்டு. ஓர் அசையை நன்றாகப் பிடித்தால் பத்துச் சொல் கூட வரும்.

‘தியென்4’ என்றால் மின். நாம் மின் என்பதை முன்னால் போட்டு மின்விளக்கு, மின்னஞ்சல் என்று கட்டுகிறோமே, அவர்களும் அப்படியே கட்டுகிறார்கள். ‘தியென்4-தெங்1’ மின்விளக்கு. ‘தியென்4-ஹுவா4’ மின்பேச்சு, தொலைபேசி. ‘தியென்4-நாவ்3’ மின்மூளை, கணினி. ‘தியென்4-யிங்3’ மின்நிழல், சினிமாப் படம். ‘தியென்4-ஷு4’ மின்பார்வை, ரீவி. ‘ச்ஹொங்1-தியென்4’ மின் நிரப்புதல், போனைச் சார்ஜ் போடுவது. ‘த்ஹிங்2’ என்றால் நில், ‘த்ஹிங்2-தியென்4’ என்றால் கரண்ட் கட். நம் ஊரில் இந்தச் சொல்லுக்குப் பயிற்சிக்குக் குறைவிருக்காது.

வண்டிக்கு ‘ச்ஹெ1’. ‘ஹுவொ3’ நெருப்பு, ‘ஹுவொ3-ச்ஹெ1’ நெருப்பு வண்டி, யாழ்தேவி போல ஒரு ரயில். ‘த்ஸு4-ஷிங்2-ச்ஹெ1’ தானே போகிற வண்டி, சைக்கிள். ‘மொ2-த்ஹுவொ1-ச்ஹெ1’ மோட்டார் சைக்கிள். ‘ச்ஹெ1-ஜான்4’ வண்டி நிற்குமிடம், நிலையம். உழவு இயந்திரத்துக்கு ‘த்ஹுவொ1-லா1-ஜி1’, ஒவ்வொரு அசையாகப் பார்த்தால் இழுக்க இழுக்கிற இயந்திரம். வெளிநாட்டுச் சொல்லின் ஒலியையும் பிடித்துப் பொருளையும் விடாமல் கட்டியிருக்கிறார்கள், எவ்வளவு அழகு!

தண்ணீர்க் குடும்பம் வன்னிக்காரருக்கென்றே செய்ததுபோல இருக்கும். ‘ஷுவெய்3’ தண்ணீர். ‘க்ஹூ4’ களஞ்சியம். ‘ஷுவெய்3-க்ஹூ4’ தண்ணீர்க் களஞ்சியம், இரணைமடு போல அணை கட்டித் தேக்கிய குளம். ‘நியொவ்2’ மாடு, ‘ஷுவெய்3-நியொவ்2’ எருமை. ‘ஷுவெய்3-தாவ்4’ தண்ணீரில் நிற்கிற நெல். ‘ஷுவெய்3-குவொ3’ பழம். ‘ஷுவெய்3-நி2’ தண்ணீர்ச் சேறு, சீமெந்து. மாட்டிலிருந்து இன்னொரு கிளை: ‘நியொவ்2-நை3’ பசும்பால். கடலுக்கு ‘ஹை3’, கடலட்டைக்கு ‘ஹை3-ஷென்1’, மருந்து வேரான ஜின்செங்கின் பெயரைச் சேர்த்துக் கடலின் ஜின்செங் என்கிறார்கள். நாம் அட்டை என்று பார்ப்பதை அவர்கள் மருந்தாகப் பார்ப்பதால்தான் அந்த விலை.

எதிர்ச்சொற்களையும் சோடியாக எடுங்கள். ‘தா4’ பெரியது, ‘ஷியாவ்3’ சின்னது, இரண்டையும் ஒட்டி ‘தா4-ஷியாவ்3’ என்றால் அளவு. ‘துவொ1’ கூட, ‘ஷாவ்3’ குறைய, ஒட்டினால் எவ்வளவு. வாங்கு, வில் இரண்டையும் ஒட்டி ‘மை3-மை’ என்றால் வியாபாரம், நம் கொடுக்கல் வாங்கல் மாதிரி.

கொப்பியில் ஒரு பக்கத்துக்கு ஓர் அசை என்று ஒதுக்குங்கள். நடுவில் அசை, சுற்றிவர அதிலிருந்து கிளைத்த சொற்கள். புதுச்சொல் ஒன்று கண்டால் எந்தப் பக்கத்துக்குரியது என்று தேடி எழுதுங்கள். அந்தத் தேடலே பாதிப் படிப்பு.

படி 5: எண்ணும், எண்ணோடு ஒட்டுகிற சொல்லும்

யி1, அழ்4, ஸான்1, ஸு4, வூ3, லியொவ்4, ச்ஹி1, பா1, ஜியொவ்3, ஷு2. இவ்வளவும் தெரிந்தால் 99 வரை எண்ணலாம்: பதினொன்று ‘ஷு2-யி1’, இருபது ‘அழ்4-ஷு2’. மாதப் பெயர்கூட எண்தான், தை ‘யி1-யுவே4’, அதாவது ஒன்றாம் மாதம், மார்கழி ‘ஷு2-அழ்4-யுவே4’. திங்கட்கிழமை ‘ஷிங்1-ச்ஹி1-யி1’, செவ்வாய்க்கு கடைசியில் அழ்4 என்று மாற்றினால் சரி, ஞாயிறு மட்டும் ‘ஷிங்1-ச்ஹி1-த்ஹியென்1’. பன்னிரண்டு மாதமும் ஏழு கிழமையும் ஒரு பின்னேரத்தில் முடியும். நாலையும் பத்தையும் மட்டும் குழப்பாதீர்கள், ஸு4 நாக்கு நுனி பல்லோடு, ஷு2 நாக்கு மடிந்து மேலே.

விலை பேசும்போது சிக்கல் பெரிய எண்ணில் வரும். நமக்கு ஆயிரத்துக்குப் பிறகு இலட்சம், அவர்களுக்கு ஆயிரத்துக்குப் பிறகு பத்தாயிரம், அதற்கு ‘வான்4’ என்று தனிச்சொல். இலட்சம் என்றால் ‘ஷு2-வான்4’, பத்துப் பத்தாயிரம். கோடி என்றால் ‘ச்ஹியென்1-வான்4’, ஆயிரம் பத்தாயிரம். கடைப் பில்லில் உள்ள ரூபாய்க் கணக்கை எடுத்து நான்கு இலக்கத்துக்கு ஒரு கோடு போட்டுப் பிரித்து வாய்விட்டு வாசியுங்கள். 2,50,000 என்பதை 25 என்றும் 0000 என்றும் பிரித்தால் ‘அழ்4-ஷு2-வூ3-வான்4’ என்று தானாக வரும்.

எண்ணுக்கும் பெயருக்கும் நடுவில் சீனத்தில் ஒரு சொல் கட்டாயம் நிற்கும். நாம் மூன்று மனிதர் என்று சொல்லாமல் மூன்று பேர் என்கிறோமே, அந்தப் ‘பேர்’ மாதிரி எல்லாப் பொருளுக்கும் ஒன்று. பொதுவானது ‘கெ’: ‘ஸான்1 கெ ழென்2’ மூன்று பேர். புத்தகத்துக்கு ‘பென்3’, தேத்தண்ணி போலக் கோப்பையில் வருவதற்கு ‘பெய்1’, தாள், மேசை, டிக்கெட் என்று தட்டையானதுக்கு ‘ஜாங்1’, மீன், ஆறு, வீதி என்று நீண்டதுக்கு ‘த்ஹியாவ்2’, வாகனத்துக்கு ‘லியாங்4’. இரண்டு என்று எண்ணும்போது அழ்4 போகாது, ‘லியாங்3’ வரும்: ‘லியாங்3 பென்3 ஷூ1’ இரண்டு புத்தகம். பெயர்ச்சொல்லைக் கார்டில் எழுதும்போதே அதற்குரிய இந்தச் சொல்லையும் சேர்த்து எழுதிவிடுங்கள். மறந்துபோனால் கெ என்று சொல்லிவிடுங்கள், விளங்கிக்கொள்வார்கள்.

படி 6: மறக்காமல் இருக்க

ஜெர்மானிய ஆய்வாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இலேயே தன் மனதை வைத்துச் சோதித்து எழுதினார்: படித்தது முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக மறக்கிறது, இடைவெளி விட்டு மீட்டினால் நிற்கிறது. அதை வீட்டில் செய்ய ஒரு சப்பாத்துப் பெட்டி போதும். மட்டை வைத்து ஐந்து அறை பிரியுங்கள். பிரிஸ்டல் போர்டை வெட்டி ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் பின்யினும் தொனியும் சீன எழுத்தும், கீழே ஒரு சின்ன வசனம். புதுக் கார்டு முதல் அறையில், அதைத் தினமும் பாருங்கள். சரியாகச் சொன்னது இரண்டாம் அறைக்கு, அது மூன்று நாளுக்கு ஒருமுறை. பிறகு கிழமைக்கு ஒருமுறை, இரண்டு கிழமைக்கு ஒருமுறை, மாதத்துக்கு ஒருமுறை. எந்த அறையில் பிழைத்தாலும் திரும்ப முதல் அறைக்கு வரவேண்டும். தொனி பிழைத்தாலும் பிழைதான், அதில் இரக்கம் காட்டாதீர்கள். தமிழ்ப் பக்கத்தைப் பார்த்துச் சீனத்தைச் சொல்வதுதான் பயிற்சி, சீனத்தைப் பார்த்து ஓ இது தெரியும் என்று தலையாட்டுவது பயிற்சி இல்லை.

போனில் செய்ய விரும்பினால் ஆன்கி செயலி இதையே தானாகச் செய்யும், அன்ட்ரொயிட்டில் இலவசம். அகராதிக்குப் பிளெக்கோ. இரண்டும் ஒருமுறை இறக்கினால் டேட்டா இல்லாமலே வேலை செய்யும், சிக்னல் விட்டு விட்டு வருகிற இடங்களில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். ஆனால் மற்றவர் செய்த ஆயிரம் கார்டை இறக்கிப் போடாதீர்கள். சொந்தமாக எழுதின கார்டுதான் மனதில் ஏறும்.

ஒரு நாளைக்கு ஐந்து சொல். கூட வேண்டாம். கிழமைக்கு ஆறு நாள் என்றால் முப்பது, பத்துக் கிழமையில் முந்நூறு. ஏழாம் நாள் மீட்டல் மட்டும். உற்சாகத்தில் முதல் நாள் நாற்பது எழுதினால் மூன்றாம் கிழமையில் மீட்டலே மலைபோல வந்து நிற்கும், நிறையப் பேர் கைவிடுவது அந்த இடத்தில்தான்.

படி 7: எழுத்தை எப்போது தொடுவது

முதல் கிழமையிலிருந்தே கண்ணில் படட்டும், ஆனால் எல்லாவற்றையும் கையால் எழுதிப் பழகவேண்டியதில்லை. போனில் பின்யினைத் தட்டினால் எழுத்து வரிசையாக வரும், சரியானதை இனங்காணத் தெரிந்தால் போதும். சீனப் பெருநிலத்தில் 1956 முதல் எளிமையாக்கிய வடிவம் வழக்கில் உள்ளது, தாய்வானிலும் ஹொங்கொங்கிலும் பழைய வடிவம். நீங்கள் எளிய வடிவத்தை எடுங்கள்.

கையால் எழுதவேண்டியது அடிப்படை உறுப்புகளை மட்டும். வயலுக்கான ‘த்ஹியென்2’ ஒரு சதுரம், உள்ளே குறுக்கும் நெடுக்கும் ஒரு கோடு, வரம்பு கட்டின நாலு வயல் துண்டை மேலிருந்து பார்த்தபடி. அதன் கீழே வலிமைக்கான எழுத்தைப் போட்டால் ‘நான்2’, ஆண். கிணறு ‘ஜிங்3’ குறுக்கே இரண்டு கோடும் நெடுக்கே இரண்டு கோடும், கட்டு வைத்த கிணறேதான். மரம் ‘மூ4’, இரண்டு மரம் சேர்ந்தால் தோப்பு ‘லின்2’, மூன்று மரம் சேர்ந்தால் அடர்காடு ‘ஸென்1’. ஆனால் எல்லா எழுத்தும் படம் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலானவை ஒரு பக்கம் பொருளையும் மறுபக்கம் ஒலியையும் காட்டுகிறவை. அம்மாவுக்கான ‘மா1’வில் இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. குதிரை ‘மா3’ என்று ஒலிப்பதால் அங்கே நிற்கிறது, வேறொன்றுமில்லை. இடப்பக்கத்தில் மூன்று துளி கண்டால் ஆறு, கடல், கழுவுதல் என்று தண்ணீர் சம்பந்தமான ஏதோ ஒன்று. 1716இல் முடிந்த காங்ஷி அகராதி இப்படி 214 தலையுறுப்புகளை வைத்து எழுத்துகளை வகுத்தது. அதில் ஐம்பது தெரிந்தால் தொடக்கத்துக்கு நிறைய. சதுரக் கோடு போட்ட கணிதக் கொப்பியில் கட்டத்துக்கு ஒன்றாக எழுதுங்கள், மேலிருந்து கீழ், இடமிருந்து வலம்.

படி 8: கதைக்க ஆள் இல்லாவிட்டால்

தனிச்சொல்லாக விடாமல் அன்றைக்குப் படித்த ஐந்தையும் வைத்து இரண்டு மூன்று வசனம் செய்யுங்கள். ‘வொ3 ஜின்1-த்ஹியென்1 பூ2 ச்ஹ்யூ4’, நான் இன்றைக்குப் போகமாட்டேன். இவ்வளவு போதும். அதைப் போனில் பதிந்து, பிளெக்கோவில் அதே சொற்களின் ஒலியைக் கேட்டு, இரண்டையும் ஒப்பிடுங்கள். உங்கள் குரலைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனால் தொனிப் பிழை வேறு எப்படியும் பிடிபடாது. கூடப் படிக்கிறவர் ஒருவர் கிடைத்தால் வட்ஸ்அப்பில் எழுத்தாக அல்லாமல் குரலாக அனுப்பிக்கொள்ளுங்கள். யூரியூப்பில் சின்னப் பிள்ளைகளுக்கான சீனக் கார்ட்டூன்கள் இருக்கின்றன, ஒரே அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது புதிது புதிதாகப் பார்ப்பதைவிட நல்லது.

முந்நூறைத் தாண்டியதும் பட்டியலை நீட்டுவதை ஒரு கிழமை நிறுத்திவிட்டு, பெட்டியில் மூன்றாம் அறையைத் தாண்டாமல் அடம்பிடிக்கிற கார்டுகளை மட்டும் வெளியே எடுங்கள். அவற்றைப் புதிதாக எழுதவேண்டும், வேறு வசனத்தோடு, முடிந்தால் தெரிந்த ஒரு குடும்பத்தோடு சேர்த்து. பிறகு புலமைப்பரிசிலுக்குப் போகிறவர்கள் எச்.எஸ்.கே. பட்டியலில் விடுபட்டவற்றை நிரப்பத் தொடங்கலாம். வியாபாரத்துக்குப் படிக்கிறவர்கள் எடை, தரம், விலை, திகதி, பணம் அனுப்புதல் என்ற ஐந்து தலைப்பில் தலா இருபது சொல்லை எடுக்கலாம். எடையில் ஒன்றை மட்டும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்: சீனச் சந்தையில் ‘ஜின்1’ என்று சொன்னால் அது கிலோ இல்லை, 500 கிராம். விலை கேட்டவுடன் இரண்டால் பெருக்கிப் பாருங்கள்.